முஸ்லிம், பொஷ்னியாக், 'மற்றவர்': போஸ்னியாவில் ஒரு பெயரின் வரலாறு



1948 மார்ச்சில் சோசலிச யூகோஸ்லாவியா தன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. போஸ்னியாவில் ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் நின்ற கணக்கெடுப்பாளரிடம் அந்த வீட்டார் தம்மை மூன்று விதமாகப் பதிந்துகொள்ளலாம்: முஸ்லிம்-செர்பியர், முஸ்லிம்-குரோவாசியர், அல்லது தேசிய இனம் இன்னும் முடிவாகாத முஸ்லிம். சுமார் 72,000 பேர் முதல் வகையிலும் 25,000 பேர் இரண்டாம் வகையிலும் பதிந்தார்கள். மூன்றாவதில் பதிந்தவர்கள் ஏறக்குறைய 7,88,000 பேர்.

கட்சி இதை ஒரு தாமதமாகத்தான் பார்த்தது. பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் வந்துவிட்டால், இந்த மக்கள் நாளடைவில் செர்பியராகவோ குரோவாசியராகவோ ஆகிவிடுவார்கள் என்று அதன் கோட்பாட்டாளர்கள் நம்பினார்கள். அன்றைய அரசுச் சின்னத்தில் ஐந்து தீப்பந்தங்கள் இருந்தன. செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர், மாசிடோனியர், மாண்டிநீக்ரோவினர் என்ற ஐந்து தேசிய இனங்களுக்கு ஐந்து. போஸ்னிய முஸ்லிம்களுக்குப் பந்தம் இல்லை. ஆனால் அந்த எட்டு லட்சம் பேரும் குழம்பிப்போய்ப் பதில் சொன்னவர்களாக எங்களுக்குத் தெரியவில்லை. கொடுக்கப்பட்ட இரண்டு பெயர்களும் தங்களுடையவை இல்லை என்று அவர்கள் தெளிவாகவே சொன்னார்கள். தங்களுடைய பெயரை எழுதப் படிவத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்த போரை மேற்குலக அரசுகளும் ஊடகங்களும் 'பல நூற்றாண்டு மதப் பகை' என்று விளக்கின. அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டாம். இந்த உரையில் அந்த விளக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஒரே மொழி பேசி, பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்த மக்கள் எப்படித் தனித்தனிப் பத்திகளுக்குள் அடைக்கப்பட்டார்கள், அந்தப் பத்திகளில் இடம் கேட்டு நின்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள், இடம் கிடைத்தபின் எந்தப் பத்தியிலும் சேராதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையே பேச விரும்புகிறோம். கடைசிக் கேள்விதான் நம்மைப் போன்றவர்களுக்கு முதற்கேள்வி.

1463இல் உதுமானியர் போஸ்னியாவைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அங்கிருந்த ஸ்லாவிய மக்களில் பெரும்பகுதியினர் படிப்படியாக இஸ்லாத்துக்கு வந்தார்கள். வெளியிலிருந்து குடியேறிய துருக்கியர் மிகச் சிலரே. வீட்டு மொழி மாறவில்லை. மாறாமல் கெட்டியாகிப் போனது நில உறவு. நிலப்பிரபு 'பேக்' எனப்பட்டார். அவர் நிலத்தில் உழைத்த வாரக் குடியானவர் 'க்மெட்' எனப்பட்டார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு பிரபுவுக்குப் போகும். ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியில் எடுக்கப்பட்ட 1910ஆம் ஆண்டுக் கணக்குப்படி, க்மெட்டுகளை வைத்திருந்த நிலப்பிரபுக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். க்மெட்டுகளில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். இந்த அநீதி உண்மை. அதை மறைத்துவிட்டுப் போஸ்னிய முஸ்லிம்களின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. நில உச்சவரம்புக்கும் பஞ்சமி நிலத்துக்கும் போராடுகிற நாம் க்மெட்டின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அல்ல.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்லர். சொந்தத் துண்டு நிலத்தை உழுத சிறு விவசாயிகள், கைவினைஞர்கள், கூலிகள். 1919இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் பேக்குகளின் நிலத்தைப் பறித்தது. அத்தோடு நில வழக்கு முடிந்திருக்க வேண்டும். பேக் போய்விட்டார். 'துருக்கியன்' என்ற வசைச்சொல் மட்டும் போகவில்லை. பிரபு மேல் இருந்த கோபம், ஒரு ஏக்கர் வைத்திருந்த முஸ்லிமின் தலையிலும் இறங்கியது. வர்க்கப் பகையை மதப் பகையாக மொழிபெயர்த்துக் கொடுத்த அந்த வேலையைச் செய்தவர்கள் ஊர்க் குடியானவர்கள் மட்டுமல்லர். கவிஞர்களும் பாதிரிமாரும் பேராசிரியர்களும் செய்தார்கள். 1995 ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிட்சாவுக்குள் நுழைந்த தளபதி ராட்கோ மிலாடிச், துருக்கியரைப் பழிவாங்கும் நேரம் வந்துவிட்டது என்று கேமரா முன் சொன்னார். அடுத்த சில நாட்களில் கொல்லப்பட்ட 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் துருக்கியர் அல்லர். கிழக்குப் போஸ்னியாவின் ஊர்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு அங்கே தஞ்சம் புகுந்தவர்களும் அந்த ஊர்க்காரர்களும்தான். பேக்குகளின் காலம் முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். 1878இல் போஸ்னியாவை எடுத்துக்கொண்ட ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியில், அதை நிர்வகித்த நிதியமைச்சர் பெஞ்சமின் கல்லாய், எல்லா மதத்தாருக்கும் 'போஸ்னியர்' என்ற ஒரே அடையாளத்தை மேலிருந்து ஊட்டப் பார்த்தார். செர்பிய, குரோவாசிய தேசியங்களைத் தடுக்கும் உபாயம் அது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் எடுபடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த யூகோஸ்லாவிய முடியாட்சியில் முஸ்லிம்களின் பெரிய தலைவர் மெஹ்மத் ஸ்பாஹோ. அவருடைய சகோதரர்களில் ஒருவர் தம்மைக் குரோவாசியர் என்றார், இன்னொருவர் செர்பியர் என்றார், மெஹ்மத் யூகோஸ்லாவியர் என்றே சொல்லிக்கொண்டார் என்பது வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்தி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மூன்று தேசிய இனம்! இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. மற்ற இரு தரப்பும் உன் பெயரைத் தன் கணக்கில் எழுதத் துடிக்கும்போது, பிழைக்கத் தெரிந்த குடும்பம் அப்படித்தான் பிரிந்து நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்த இழுபறி ரத்தமாகியது. உஸ்தாஷா ஆட்சி முஸ்லிம்களைக் 'குரோவாசியர்' என்று அணைத்துக்கொண்டது; செர்பியரையும் யூதரையும் ரோமாக்களையும் யாசெனோவாட்ஸ் போன்ற முகாம்களில் கொன்றது. செட்னிக் படைகள் ஃபோச்சா பகுதியில் முஸ்லிம்களைக் கொன்று ஆற்றில் எறிந்தன. முஸ்லிம்களில் நாஜிப் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், டிட்டோவின் கொரில்லாக்களோடு சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இந்தக் காலத்திலிருந்து ஒரு செய்தியை மட்டும் தனியே எடுத்து வைக்கிறோம். 1942இல் முஸ்லிம் ரோமாக்களை முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கியபோது போஸ்னிய முஸ்லிம் பிரமுகர்களும் மதத் தலைவர்களும் அதை எதிர்த்தார்கள். இவர்கள் எங்கள் சமயத்தார், எங்களில் ஒரு பகுதி என்று வாதாடினார்கள். அவ்வாண்டு மே மாத இறுதியில் முஸ்லிம் ரோமாக்களுக்கு விலக்கு அளித்து உத்தரவு வந்தது. கிறிஸ்தவ ரோமாக்களுக்கு வரவில்லை.

இனி கம்யூனிஸ்டு ஆட்சி. இங்கேதான் வரலாற்றின் வேடிக்கை இருக்கிறது. 1946இல் ஷரியத் நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. 1950இல் முகத்திரை தடை செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் தர்வீஷ் மடங்களும் மூடப்பட்டன. மதத்தை ஒடுக்கிய அதே அரசு, படிப்படியாக 'முஸ்லிம்' என்பதை ஒரு தேசிய இனத்தின் பெயராக ஆக்கியது. 1953 கணக்கெடுப்பில் 'முடிவாகாத யூகோஸ்லாவியர்' என்ற வகை. 1961இல் 'இனக்குழு என்ற பொருளில் முஸ்லிம்'. 1968இல் போஸ்னியக் கட்சியின் மத்தியக் குழு முஸ்லிம்களைத் தனித் தேசிய இனமாக ஏற்றது. 1971 படிவத்தில் 'தேசிய இனம் என்ற பொருளில் முஸ்லிம்' என்று அச்சானது. அந்தப் பத்தியில் போஸ்னியாவில் மட்டும் 14,82,430 பேர் பதிந்தார்கள், மக்கள்தொகையில் 39.6 விழுக்காடு. 1948இல் 'முடிவாகாதவர்கள்' என்று எழுதப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இவர்கள்.

அவர்களுடைய எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உண்டு. பெரிய 'எம்' போட்டு எழுதினால் தேசிய இனம். சிறிய 'எம்' போட்டால் மதம். ஆகவே, கடவுள் இல்லை என்கிற கட்சி உறுப்பினர் பெரிய எழுத்து முஸ்லிமாக இருக்கலாம். தொழுகைக்குப் போகும் அல்பேனியர் சிறிய எழுத்து முஸ்லிம் மட்டுமே. தமிழில் இதை எழுதிக்காட்ட வழியில்லை. ஒரு மக்களின் இருப்பு ஒற்றை எழுத்தின் உயரத்தில் தொங்கியது.

இந்த அங்கீகாரம் வெறும் கௌரவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போஸ்னியாவில் பதவிகள் 'சாவி' என்று அழைக்கப்பட்ட ஒரு பங்கீட்டு முறையில் தேசிய இனவாரியாகப் பகிரப்பட்டன. பத்தியில் பெயர் இருந்தால்தான் சாவி கையில் வரும். 1971இல் போஸ்னிய முஸ்லிமான ஜெமால் பியேடிச் யூகோஸ்லாவியாவின் பிரதமரானார். அணிசேரா இயக்கத்தின் வழியே அரபு நாடுகளோடு டிட்டோவுக்கு இருந்த உறவுக்கும் இது உதவியது. ஆனால் முதன்மைக் காரணம் உள்நாட்டுக் கணக்கு. செர்பியாவும் குரோவாசியாவும் போஸ்னியாவைப் பங்கு போட்டுவிடாமலிருக்க நடுவில் ஒரு மூன்றாம் தேசிய இனம் தேவைப்பட்டது. யூகோஸ்லாவிய ஏணியில் மேற்படி 'தேசிய இனங்கள்', நடுப்படி 'தேசியச் சிறுபான்மைகள்', கீழ்ப்படி 'இனக்குழுக்கள்'. முஸ்லிம்கள் மேற்படிக்கு ஏறினார்கள். ரோமாக்கள் கீழ்ப்படியில் நின்றார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தாம்.

கம்யூனிஸ்டு ஆட்சி தளர்ந்தபோது, பத்திகள் கட்சிகளாக மாறின. அலியா இஸெட்பெகோவிச் 1970இல் எழுதிய 'இஸ்லாமியப் பிரகடனம்' என்ற நூலைக் காரணம் காட்டி 1983இல் அவருக்கு 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்திருந்தார்கள். 1988இல் விடுதலையானார், 1990இல் கட்சி தொடங்கினார். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் முஸ்லிம், செர்பிய, குரோவாசிய என மூன்று தேசியவாதக் கட்சிகள் சேர்ந்து சட்டமன்றத்தைப் பிடித்தன. 1991 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 43.5 விழுக்காடு, செர்பியர் 31.2, குரோவாசியர் 17.4. 'யூகோஸ்லாவியர்' என்று பதிந்தவர்கள் 5.5 விழுக்காடு இருந்தார்கள். கலப்புமணக் குடும்பத்தார் பலர் இதில் அடங்குவர். அடுத்த ஆண்டே அந்த நாடு இல்லை.

1992 ஏப்ரலில் போர் தொடங்கியது. எல்லாத் தரப்பிலும் குற்றங்கள் நடந்தன. எல்லாத் தரப்பும் சமம் என்று சொல்வது மட்டும் பொய். சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். கொல்லப்பட்ட குடிமக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் முஸ்லிம்கள். சரயேவோ 1,425 நாள் முற்றுகையில் கிடந்தது. பிரியெடோர் நகரில் 1992 மே 31 அன்று, செர்பியரல்லாதார் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டி கட்ட வேண்டும் என்று வானொலியில் உத்தரவு வந்தது. அந்தப் பகுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பக்கத்திலிருந்த ஒமார்ஸ்கா இரும்புச் சுரங்கம் வதைமுகாமாகியது. 2004இல் லட்சுமி மித்தலின் எஃகு நிறுவனம் அந்தச் சுரங்கத்தில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அங்கே நினைவிடம் கட்ட உதவுவதாக 2005இல் அறிவித்தார்கள். பிறகு திட்டம் நின்றுபோனது. இந்தியப் பெயர் இந்தக் கதையில் இப்படி ஒரு இடத்தில் வருவதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மசூதிகளையும் ஒழுங்காகத் திட்டமிட்டுத் தகர்த்தார்கள். பானியா லூகாவின் ஃபெர்ஹாதியா மசூதி 1993 மே 7 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த நகரில் அப்போது சண்டையே நடக்கவில்லை. வழிபடும் கட்டடத்தின் மேல் மட்டும் குறி இருந்ததாக நாங்கள் கருதவில்லை. இந்த மண்ணில் நீ இருந்தாய் என்பதற்கான சாட்சியத்தின் மேல் இருந்தது.

முற்றுகையின் நடுவே, 1993 செப்டம்பர் 27, 28 தேதிகளில் சரயேவோவில் கூடிய மாநாடு 'முஸ்லிம்' என்ற தேசிய இனப் பெயரைக் கைவிட்டு 'பொஷ்னியாக்' என்ற பழைய பெயரை ஏற்றது. மதத்தின் பெயரால் மட்டும் அழைக்கப்படுகிறவர்களை மண்ணில்லாதவர்களாகச் சித்திரிப்பது எளிது. ஆகவே மண்ணின் பெயர் வேண்டும் என்ற வாதம் வென்றது. யாரோ கொடுத்ததை விட்டுத் தாமே ஒரு பெயரைச் சூடிக்கொண்டார்கள். அதன் நியாயத்தை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். ஆனால் 'போஸ்னியர்' என்பது அந்நாட்டவர் எல்லோருக்கும் பொது. 'பொஷ்னியாக்' என்பது ஒரு தேசிய இனத்தின் பெயர். இந்தச் சிறு இடைவெளியில் பின்னால் பலர் விழுந்தார்கள்.

1992 ஜூலையில் ஸ்வோர்னிக் நகருக்கு அருகிலுள்ள ஸ்கோச்சிச் என்ற சிற்றூருக்குள் ஒரு செட்னிக் குழு நுழைந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் முஸ்லிம் ரோமாக்கள். ஊர் மசூதியைத் தகர்த்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோரைக் குழந்தைகள் உட்படக் கொன்றார்கள். பெண்களைப் பிடித்து வைத்து வன்கொடுமை செய்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் பெல்கிரேடு நீதிமன்றத்தில் இது வழக்காக வந்தது. கொல்ல வந்தவர்களுக்கு இவர்கள் முஸ்லிம்கள் என்பதில் ஐயமே இருக்கவில்லை.

போர் முடிந்தபின் நடந்ததைப் பாருங்கள். 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் பேசி முடித்து, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்புதான் போஸ்னியாவின் அரசமைப்புச் சட்டம். மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டமன்று அது. நாட்டின் உரிமையாளர்களாகப் பொஷ்னியாக்குகள், குரோவாசியர், செர்பியர் என்ற மூன்று 'ஆக்க மக்கள்' முகவுரையில் குறிக்கப்பட்டார்கள். கூடவே, அடைப்புக்குறிக்குள், 'மற்றவர்கள்'. குடியரசுத் தலைமை மூவர் குழு: ஒரு பொஷ்னியாக், ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர். மேலவையில் 15 இடங்கள்: ஐந்து, ஐந்து, ஐந்து. அடைப்புக்குறிக்குள் இருப்பவர்களுக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை.

துப்பாக்கி வைத்திருந்த மூவரை மேசைக்கு வரவழைத்துப் பங்கு பிரித்தார்கள். துப்பாக்கி இல்லாதவர்களுக்கு நாற்காலி இல்லை. 1916இல் லக்னோவில் காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் இடங்களைப் பங்கிட்டபோது தாழ்த்தப்பட்டோர் எந்தத் தரப்பிலும் உட்காரவில்லை. 1930இல் லண்டன் வட்டமேசைக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போய்த் தனியே வழக்குரைக்க வேண்டியிருந்தது ஏன் என்பதை இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை.

போஸ்னியாவில் அந்த வழக்கை உரைத்தவர்கள் இருவர். டெர்வோ செய்டிச், ரோமா. யாகோப் ஃபின்ட்ஸி, யூதர். யூத வம்சாவளியினர் என்பதால் நீங்கள் குடியரசுத் தலைமைக்கோ மேலவைக்கோ போட்டியிட முடியாது என்று ஃபின்ட்ஸிக்கு மத்தியத் தேர்தல் ஆணையம் எழுத்துமூலம் உறுதிசெய்த நாள் 2007 ஜனவரி 3. ஐரோப்பாவின் நடுவில், யாசெனோவாட்சுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின். இருவரும் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசம்பர் 22 அன்று பேரமர்வு தீர்ப்பளித்தது: இது பாரபட்சம்.

தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விதி திருத்தப்படவில்லை. இடையில் வேறு வழக்குகளும் வென்றன. அஸ்ரா ஸோர்னிச் தம்மை எந்த இனமாகவும் அறிவிக்க மறுத்து, போஸ்னியாவின் குடிமகள் என்று மட்டும் சொன்னார். அவருக்கும் உரிமை இல்லை என்றார்கள். 2014இல் அவர் வென்றார். இலியாஸ் பிலாவ் ஸ்ரெப்ரெனிட்சாவில் வாழும் பொஷ்னியாக். அந்த ஊர் செர்பியக் குடியரசு எனப்படும் பகுதிக்குள் இருக்கிறது. அங்கிருந்து செர்பியர் மட்டுமே தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம். எந்த மக்களின் பெயருக்காக அந்த மண்ணில் ரத்தம் சிந்தியதோ, அந்தப் பெயரைக் கொண்டவரே அந்த மண்ணிலிருந்து தலைமைக்குப் போட்டியிட முடியாது. 2016இல் அவரும் வென்றார். தாளில் வென்றார்கள். மூன்று தரப்புத் தலைமைகளும் சீர்திருத்தம் வேண்டும் என்று பேசுகின்றன. தங்கள் பங்கில் கைவைக்காத சீர்திருத்தமாக இருக்க வேண்டும் என்கின்றன. இந்தக் குற்றச்சாட்டு பொஷ்னியாக் தலைமைக்கும் பொருந்தும், பாதிக்கப்பட்டவர்களின் தலைமை என்பதால் விலக்களிக்க முடியாது. 1942இல் ரோமாக்களை எங்களில் ஒரு பகுதி என்று சொன்ன பிரமுகர்களின் குரல் இன்று அங்கே பெரிதாகக் கேட்பதில்லை.

நாட்டின் சில பகுதிகளில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. பொஷ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோவாசியப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சில இடங்களில் வாசல்கூட வேறு. ரோமாப் பிள்ளை எந்த வாசலில் போவது என்று கேட்டால், எந்த வாசல் திறந்திருக்கிறதோ அதில், படிப்பை நிறுத்தும் வரை.

போருக்குப் பின் முதல் கணக்கெடுப்பு 2013இல் நடந்தது. பொஷ்னியாக் என்று பதிவது முக்கியம் என்ற பரப்புரை அப்போது பலமாக நடந்தது. ஓரிரு புள்ளி குறைந்தாலும் அரசியல் எடை குறையும் என்ற அச்சம். 2016இல் முடிவு வெளியானபோது பொஷ்னியாக்குகள் 50.11 விழுக்காடு. பாதியைத் தாண்டியதில் ஒரு தரப்புக்கு மகிழ்ச்சி. செர்பியத் தரப்பு அந்தக் கணக்கையே ஏற்க மறுத்தது. இத்தனைக்குப் பின்னும் 'முஸ்லிம்' என்ற பழைய பெயரையே எழுதியவர்கள் 12,000க்கும் மேல் இருந்தார்கள்.

தேசிய இனக் கேள்விக்கு எதிரே அந்தப் படிவத்தில் மூன்று பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. பதில் சொல்ல விருப்பமில்லை என்பதற்கு ஒரு கட்டம். அதற்குப் பின் ஒரு வெற்றுக் கோடு. வேறு பெயர் உள்ளவர்கள் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டில் 'ரோமா' என்று எழுதியவர்கள் 12,583 பேர். அங்குள்ள ரோமா அமைப்புகளின் மதிப்பீடு இதைப் போல் பல மடங்கு. மிச்சப் பேர் எங்கே என்றால், பெரும்பாலும் 'பொஷ்னியாக்' என்ற முதல் கட்டத்துக்குள் இருக்கிறார்கள். அண்டை வீட்டாருக்குத் தெரியக்கூடாது, வேலை போய்விடக்கூடாது, பிள்ளையைப் பள்ளியில் ஒதுக்கக்கூடாது என்று அதில் குறியிட்டவர்கள் உண்டு. கணக்கெடுப்பாளரே கேட்காமல் குறித்ததும் உண்டு. 1948இல் 'முடிவாகாதவர்' என்று எழுதப்பட்ட மக்களின் இன்றைய பெரும்பான்மைக்குள் அவர்கள் எண்ணப்படுகிறார்கள். மேலவையின் அந்த ஐந்து இடங்களில் ஒன்றுக்குப் போட்டியிட, 'ரோமா' என்று எழுதாமல் இருந்தால்தான் முடியும்.